வக்கீலம்மா பதில்கள்: மேலத் திருவேங்கடநாதபுரமும் வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டும்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது அமெரிக்க நீதிபதி ஸ்ரீ சீனிவாசனைப் பற்றி ஒரு வரி சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் பட்டா, பாகப்பிரிவினைக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, இந்த முறை அவரைப் பற்றியும் அப்பீல் நீதிபதி என்ற உத்தியோகத்தைப் பற்றியும் எழுதுகிறேன்.

"அமெரிக்கத் தலைமை நீதிபதி நம்ம திருநெல்வேலிக்காரர்" என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றுகிறது. எங்கள் பக்கத்து ஊர் மேலத் திருவேங்கடநாதபுரத்தின் பெயரும் அதில் இருக்கிறது. நிஜமா, கட்டுக்கதையா?
*ஓய்வுபெற்ற தபால்காரர், சுத்தமல்லி*

பாதி நிஜம் ஐயா. முழுப்பெயர் பத்மநாபன் ஸ்ரீகாந்த் சீனிவாசன். அவருடைய அப்பாவுக்குத்தான் மேலத் திருவேங்கடநாதபுரம் சொந்த ஊர். தாமிரபரணிக் கரையில் நீங்கள் தினமும் கடந்துபோகிற அதே ஊர்தான். மகன் பிறந்தது 1967-இல், சண்டிகரில். சின்ன வயதிலேயே குடும்பம் அமெரிக்காவுக்குப் போய், கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில் குடியேறியது. அப்பா அங்கே பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். மகன் லாரன்ஸ் பள்ளிக்கூடத்து அணியில் கூடைப்பந்து ஆடியவர். ஆகவே "நம்ம ஊர்க்காரர்" என்பதைவிட "நம்ம ஊர்ப் பேராசிரியரின் மகன்" என்று சொல்லுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது.

"அமெரிக்கத் தலைமை நீதிபதி" என்பதுதான் தப்பு. நம்ம பக்கத்துக் கணக்கில் விளக்குகிறேன். அம்பாசமுத்திரம் முன்சீப் கோர்ட்டில் ஒரு வழக்கு தோற்றால் சப் கோர்ட்டுக்கு அப்பீல் போகிறோம், அங்கிருந்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு, முடியாவிட்டால் டெல்லி உச்ச நீதிமன்றத்துக்கு. அமெரிக்க மத்திய அரசின் நீதிமன்றங்களில் மூன்றே படிகள். கீழே 94 மாவட்ட நீதிமன்றங்கள், நடுவில் 13 அப்பீல் நீதிமன்றங்கள், மேலே ஒன்பது பேர் கொண்ட உச்ச நீதிமன்றம். சீனிவாசன் இருப்பது நடுப்படியில், வாஷிங்டன் வட்டாரத்துக்கான அப்பீல் நீதிமன்றத்தில். அந்த ஒரு நீதிமன்றத்துக்குத்தான் 2020 பிப்ரவரியிலிருந்து தலைமை நீதிபதி. அமெரிக்காவில் அப்படி ஒரு அப்பீல் நீதிமன்றத்துக்குத் தலைமையேற்ற முதல் தெற்காசிய வம்சாவளிக்காரர் அவர்தான்.

நடுப்படிதானே என்று நினைத்துவிடாதீர்கள். மேலே இருக்கிற உச்ச நீதிமன்றம் வருஷத்துக்கு நூறு வழக்கைக்கூட முழுதாக விசாரிப்பதில்லை. நம்ம டெல்லி மாதிரி ஆயிரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே கிடையாது. அதனால் பெரும்பாலான வழக்குகளில் அப்பீல் நீதிமன்றம் சொன்னதுதான் கடைசி. மூன்று மூன்று நீதிபதிகளாக உட்கார்ந்து விசாரிப்பார்கள். மொத்தம் 179 நீதிபதி இடங்கள், அதில் வாஷிங்டனுக்கு 11. பரப்பளவில் சின்ன வட்டாரம்தான். ஆனால் மத்திய அரசின் துறைகள் போடுகிற விதிகளை எதிர்க்கிற வழக்குகள் அங்கேதான் வந்து குவியும். தொலைத்தொடர்பு, தொழிலாளர் கூலி, சுற்றுச்சூழல் எல்லாம் அந்த மேசைக்கு வரும்.

தலைமை நீதிபதி நாற்காலிக்கு யாரும் ஆளைப் பார்த்து நியமிப்பதில்லை. அறுபத்தைந்து வயது ஆகாத நீதிபதிகளில் மூத்தவருக்கு அது போகும், அதிகபட்சம் ஏழு வருஷம். நிர்வாகம் அவர் கையில் இருக்கும். தீர்ப்பில் மட்டும் மற்றவர்களைப் போல அவருக்கும் ஒரே ஓட்டுத்தான்.

அந்த மாதிரி அப்பீல் நீதிபதி ஆவதற்கு என்ன படிக்க வேண்டும்? பரீட்சை உண்டா? அவர் எந்த வழியில் போனார்?
*சட்டக் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி, திருநெல்வேலி*

பரீட்சை கிடையாது மகளே. அமெரிக்க அரசியல் சாசனம் நீதிபதிக்கு வயதும் சொல்லவில்லை, படிப்பும் சொல்லவில்லை. ஜனாதிபதி பெயரைச் சொல்ல வேண்டும், செனட் சபை ஓட்டுப் போட்டு ஒப்ப வேண்டும், அவ்வளவுதான் சட்டம். நடப்பு வேறு. அந்தப் பெயர் ஜனாதிபதியின் காதுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒருவர் என்னென்ன செய்திருக்க வேண்டும் என்பதுதான் நீ தெரிந்துகொள்ள வேண்டியது.

சீனிவாசன் ஸ்டான்ஃபோர்டில் 1989-இல் இளநிலைப் பட்டம் வாங்கினார். 1995-இல் அதே இடத்தில் சட்டமும் வணிக மேலாண்மையும் சேர்த்து முடித்தார். அத்தனை படித்தவர் அடுத்த மூன்று வருஷம் என்ன செய்தார் என்பதைக் கவனி. முதலில் நான்காவது வட்டார அப்பீல் நீதிபதி வில்கின்சனிடம் 'லா கிளார்க்'. பிறகு, உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசுக்காக வாதாடுகிற சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகத்தில் ஒரு வருஷப் பயிற்சி. பிறகு உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான சாண்ட்ரா டே ஓ'கானரிடம் ஒரு வருஷம் கிளார்க்.

இது நம்ம ஊர் குமாஸ்தா உத்தியோகம் இல்லை. நீதிபதியின் அறையிலேயே உட்கார்ந்து, இரண்டு தரப்பும் கொடுத்த எழுத்துவாதத்தைப் படித்து, கீழ்க்கோர்ட் ரெக்கார்டைப் புரட்டி, "இந்த அப்பீலில் தீர்க்க வேண்டிய பிரச்சினை இது, சட்டம் இங்கே இருக்கிறது, இந்த இடத்தில் சிக்கல்" என்று குறிப்பு எழுதிக் கொடுக்கிற வேலை. நீதிபதி அதைப் படித்துவிட்டு நாலு கேள்வி கேட்பார், கிளார்க் பதில் சொல்ல வேண்டும். தீர்ப்பின் முதல் வரைவைக் கிளார்க்கிடமே எழுதச் சொல்கிற நீதிபதிகளும் உண்டு. இருபத்தெட்டு, முப்பது வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடையாது.

அதற்குப் பிறகு வக்கீல் நிறுவனம், 2002 முதல் 2007 வரை சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகம், திரும்ப நிறுவனத்தில் பங்குதாரர், 2011-இல் சொலிசிட்டர் ஜெனரலுக்கு அடுத்த இடத்தில் முதன்மைத் துணை. உச்ச நீதிமன்றத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் அவர் நின்று வாதாடியிருக்கிறார். நின்று பேசுவது அங்கே கொஞ்ச நேரம்தான் என்பதை மனதில் வை. அப்பீல் கோர்ட்டில் தரப்புக்குப் பதினைந்து நிமிஷம் கிடைத்தாலே சாதாரணம். மீதி எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பேச்சில் ஊரையே கட்டிப்போடுகிறவர் எழுத்தில் சொதப்பினால் அங்கே வழக்கு நிற்காது.

இன்னொன்றையும் பார். வில்கின்சனையும் ஓ'கானரையும் நியமித்தவர் குடியரசுக் கட்சி ஜனாதிபதி ரீகன். சீனிவாசன் முதலில் அரசு வக்கீலாக இருந்தது புஷ் ஆட்சியில், அடுத்தது ஒபாமா ஆட்சியில். இரண்டு கட்சிக்காரர்களும் அவருடைய வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்திருந்தார்கள். 2012 ஜூனில் ஒபாமா பெயரை அனுப்பினார், அந்த வருஷம் ஒன்றும் நகரவில்லை. 2013 ஜனவரியில் மறுபடி அனுப்பினார். மே 23 அன்று செனட்டில் ஓட்டு: ஆதரவு 97, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்தில் அந்த நீதிமன்றத்துக்கு ஆள் போடுவதில் இரண்டு கட்சிக்கும் எத்தனை மல்லுக்கட்டு நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணிக்கையின் மதிப்பு தெரியும். செப்டம்பரில் நடந்த பதவியேற்பு விழாவில் பிரமாணம் செய்து வைத்தவர் அதே ஓ'கானர். பகவத்கீதை மேல் கை வைத்து உறுதிமொழி எடுத்தார். அமெரிக்க அப்பீல் நீதிமன்றங்களில் தெற்காசிய வம்சாவளியிலிருந்து வந்த முதல் நீதிபதி.

சட்டம் முடித்த 1995-க்கும் இந்த 2013-க்கும் இடையில் பதினெட்டு வருஷம். அதில் பெரும்பகுதி அடுத்தவருக்காக எழுதிக் கொடுத்த காலம். நீ இப்போது செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மதுரைக் கிளைத் தீர்ப்பு ஒன்றை எடு, அதன் கீழ்க்கோர்ட் தீர்ப்பையும் தேடிப் படி, மேல்கோர்ட் எந்த இடத்தில் ஏன் மாறியது என்று ஒரே ஒரு பக்கம் எழுது. தமிழிலோ ஆங்கிலத்திலோ, உனக்கு வருகிற மொழியில் எழுது. வாரம் ஒன்று போதும்.

அவ்வளவு தகுதி இருந்தும் அவர் ஏன் உச்ச நீதிமன்றத்துக்குப் போகவில்லை?
*மளிகைக்கடைக்காரர், வள்ளியூர்*

2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா இறந்து ஒரு இடம் காலியானபோது சீனிவாசன் பெயர் பலமாக அடிபட்டது. ஒபாமா தேர்ந்தெடுத்தது அதே வாஷிங்டன் அப்பீல் நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி மெரிக் கார்லண்டை. செனட் அவரை விசாரணைக்கே கூப்பிடவில்லை. தேர்தல் முடிந்து வேறு ஜனாதிபதி வந்து வேறு ஆளைப் போட்டார். கார்லண்டின் தலைமைக் காலம் 2020-இல் முடிந்தபோதுதான் அந்த நாற்காலி சீனிவாசனுக்கு வந்தது. தகுதியை அளந்து முடிவாகிற இடம் இல்லை அது. எந்த நேரத்தில் இடம் காலியாகிறது, அப்போது செனட் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நான் சென்னையில் ஏஜென்சி மூலமாக ஒரு வயதான அம்மாவைக் கவனித்துக்கொள்கிறேன். ராத்திரி பகல் பார்க்காத வேலை, லீவு கிடையாது. இந்த நீதிபதியின் தீர்ப்பால் என்னைப் போன்றவர்களுக்கு ஏதாவது நடந்திருக்கிறதா? பெரிய கம்பெனிகளுக்கு வாதாடியவர் என்றும் சொல்கிறார்களே?
*வீரவநல்லூர் வாசகி*

உங்கள் கடிதத்தைப் படித்ததும் இதற்கு விரிவாக எழுத வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஏனென்றால் அவர் எழுதிய தீர்ப்புகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது சரியாக உங்கள் வேலையைப் பற்றியதுதான்.

அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலிக்கும் ஓவர்டைமுக்கும் 1938-இல் போட்ட சட்டம் இருக்கிறது. வீட்டு வேலைக்காரர்களை 1974-இல்தான் அதற்குள் சேர்த்தார்கள். சேர்க்கும்போதே, வயதானவர்களுக்குத் துணையாக இருக்கிறவர்களுக்கு இது பொருந்தாது என்று ஒரு விலக்கும் வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் வந்து பாட்டியோடு பேசிக்கொண்டிருப்பது போல அதை நினைத்தார்கள். காலம் மாறியது. ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் இருந்த பராமரிப்பு வீட்டுக்கு வந்தது. குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, படுக்கையில் புரட்டிப் போடுகிற முழுநேரத் தொழிலாகிவிட்டது. ஆட்களை அனுப்பி ஏஜென்சிகள் காசு பார்த்தன. அந்தப் பழைய விலக்கின் மறைவில் ஓவர்டைம் கொடுக்காமல் இருக்கவும் முடிந்தது. எவலின் கோக் என்ற பராமரிப்பாளர் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 2007-இல் தோற்றார். ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே ஒரு வாசல் திறந்திருந்தது: இந்த விலக்கு யாருக்கு உண்டு என்று விதி போடுகிற அதிகாரம் தொழிலாளர் துறைக்கு உண்டு என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது.

2013-இல் துறை விதியை மாற்றியது. ஏஜென்சி மூலம் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த விலக்கு இனி இல்லை என்றது. ஏஜென்சிகளின் சங்கம் வழக்குப் போட்டது, மாவட்ட நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. அப்பீலில் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக அந்த ரத்தைத் தள்ளினார்கள். 2015 ஆகஸ்ட் 21 அன்று வந்த அந்தத் தீர்ப்பை எழுதியவர் சீனிவாசன். அவர் வழி நேரானது. எவலின் கோக்கைத் தோற்கடித்த அதே 2007 தீர்ப்பை எடுத்துக்கொண்டார். அப்போது விலக்கைக் கொடுக்க அதிகாரம் இருந்த துறைக்கு இப்போது அதை எடுக்கவும் அதிகாரம் உண்டு என்றார். தொழில் மாறியிருப்பதைத் துறை நியாயமான காரணமாகக் காட்டியிருக்கிறது என்றும் சொன்னார். கண்ணீர் வரவழைக்கிற ஒரு வரி அதில் கிடையாது. அப்பீல் நீதிபதி அப்படித்தான் எழுத வேண்டும். சுமார் இருபது லட்சம் பேரின் கூலி அந்த விதியில் இருந்தது. 2025-இல் அந்த விதியைத் திரும்பப் பெற அதே துறை யோசனை வெளியிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். துறையின் அதிகாரத்தில் நிற்கிற பாதுகாப்புக்கு அந்த ஆபத்து எப்போதும் உண்டு.

கம்பெனிகளுக்கு வாதாடியது உண்மை. எக்ஸான்மொபிலுக்கு வாதாடியிருக்கிறார். மோசடி வழக்கில் தண்டனை பெற்ற என்ரான் நிறுவனத் தலைவர் ஸ்கில்லிங்குக்காக 2010-இல் உச்ச நீதிமன்றத்தில் நின்றவரும் அவர்தான். இதை நான் குற்றமாக நினைக்கவில்லை அம்மா. கொலைக் குற்றவாளிக்கும் வக்காலத்துப் போடுவதுதான் எங்கள் தொழில். நீதிபதி ஆன பிறகு எப்படி நடந்துகொண்டார் என்று பார்க்க வேண்டும். அங்கே பராமரிப்பாளர் வழக்கும் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்து வாசல் முற்றத்தில் ஆர்ப்பாட்டம் செய்யக் கூடாது என்ற தடையைச் சரி என்று சொன்ன தீர்ப்பும் இருக்கிறது. இரண்டாவதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனால் தடைக்கான காரணத்தை எவ்வளவு பொறுமையாக அடுக்கியிருக்கிறார் என்பதை மறுக்க மாட்டேன்.

உங்களுக்கு இப்போதைக்கு: தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனி நல வாரியம் இருக்கிறது. அதில் உறுப்பினராகப் பதிவு செய்துவிடுங்கள். ஏஜென்சி மாதாமாதம் எவ்வளவு பிடித்துக்கொள்கிறது, நீங்கள் எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். நாளைக்கு எந்த அதிகாரி முன்னால் நின்றாலும் அந்த நோட்டு பேசும்.

அங்கே நீதிபதிக்கு ஆயுள் முழுக்கப் பதவியாமே. இங்கே 62 வயதில் மாலை போட்டு அனுப்பிவிடுகிறோம். எது சரி?
*ஓய்வுபெற்ற நீதிமன்ற சிரஸ்தார், சங்கரன்கோவில்*

கோர்ட்டிலேயே காலம் கழித்த உங்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்ல. நடத்தை சரியாக இருக்கும்வரை பதவி என்பது அவர்கள் சாசனம். குற்றம் சாட்டி நாடாளுமன்றம் நீக்கினால்தான் உண்டு. சம்பளத்தைக் குறைக்கவே முடியாது. ஒரு வட்டாரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் முடியாது. நம்ம 222-ஆம் பிரிவு மாதிரி இடமாற்றக் கத்தி தலைக்கு மேல் தொங்குவதில்லை. 65 வயதாகி 15 வருஷம் பணி முடித்தால் முழுச் சம்பளத்தோடு 'சீனியர்' நிலைக்குப் போய், குறைந்த வழக்குகளை மட்டும் பார்க்கலாம். சீனிவாசன் வந்தது அப்படி ஒருவர் சீனியர் நிலைக்குப் போனதால் காலியான இடத்துக்குத்தான்.

ஆயுள் பதவியில் ஒரு நல்லது உண்டு, ஓய்வுக்குப் பிறகு எந்த ஆணையம் கிடைக்கும் என்று யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. கெட்டதும் உண்டு, தமக்குப் பிடித்த கட்சி ஆட்சிக்கு வரும்வரை காத்திருந்து விலகுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஆயுள் பதவி கேட்கவில்லை. உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் ஒரே வயதாக 65 வையுங்கள் என்பேன். 2010-இல் அதற்கு மசோதாவே வந்தது, 2014-இல் மக்களவையோடு காலாவதியாகிவிட்டது. வழக்குக் கட்டைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே உயிர் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற பக்குவம் ஐம்பத்தைந்துக்கு மேல்தான் பலருக்கு வருகிறது. அது வந்து சில வருஷத்தில் அனுப்பிவிடுகிறோம்.

என் மகன் பாளையங்கோட்டையில் ஒரு சீனியரிடம் மூன்று வருஷமாக ஜூனியர். காலையில் வாய்தா வாங்குகிறான், சாயங்காலம் ஆபீசில் கட்டுத் தூக்குகிறான். மாதம் கையில் வருவது பெட்ரோலுக்குக்கூடப் பத்தவில்லை. விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகச் சொல்லலாமா?
*விவசாயி, நாங்குநேரி*

வேண்டாம் அண்ணாச்சி, தொழிலை விட வேண்டாம். ஆபீசை மாற்றலாம்.

நம்ம மாவட்டத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. திருப்புடைமருதூரில் 1929-இல் பிறந்த இரத்தினவேல் பாண்டியன், பாளை சவேரியார் கல்லூரியில் படித்து, 1954-இல் வக்கீலாகப் பதிவு செய்து, நெல்லையில் தொழிலைத் தொடங்கியவர். 1974-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி, 1988-இல் உச்ச நீதிமன்றம். பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு பற்றிய மண்டல் வழக்கிலும், மாநில ஆட்சிக் கலைப்பு பற்றிய எஸ்.ஆர்.பொம்மை வழக்கிலும் அவருடைய தீர்ப்புகள் இருக்கின்றன. ஓய்வுக்குப் பிறகு ஐந்தாவது சம்பளக் கமிஷனுக்குத் தலைவர். பொருநைக் கரைக் கிராமத்திலிருந்து போனவர்தான் அவரும்.

ஆனால் அவரைக் காட்டி உங்கள் மகனைப் பட்டினி போடுவது நியாயமில்லை. சீனிவாசன் கிளார்க்காக இருந்த வருஷங்களில் அவருக்கு அரசாங்கச் சம்பளம் வந்தது. நாம் நம்ம பிள்ளைகளிடம் அதே வேலையை வாங்கிக்கொண்டு "கத்துக்கிட வந்தவன்தானே" என்று கையை விரிக்கிறோம். அப்பாவிடம் நிலமோ கடையோ இருக்கிற பையன் மட்டும் தாங்குகிறான். மற்றவன் மூன்றாம் வருஷம் மெடிக்கல் ரெப் ஆகிவிடுகிறான். இருபது வருஷம் கழித்து நீதிபதி பட்டியல் போடும்போது, எங்கள் ஊர்ப் பெயர் ஏன் இல்லை என்று கேட்டு என்ன பயன்? 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இதைச் சொல்லியே விட்டது: ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய். அதன்படி தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கையும் விட்டது. எத்தனை ஆபீசில் கொடுக்கிறார்கள் என்று நீங்களே மகனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என் சக வக்கீல்கள் இதைப் படித்தால் கோபப்படுவார்கள், படட்டும்.

மகனிடம் இப்படிச் சொல்லுங்கள். சீனியரிடம் தனியாக, மரியாதையாக, தொகையைச் சொல்லிக் கேட்கட்டும். அத்தோடு, வருகிற அடுத்த அப்பீலில் கிரவுண்ட்ஸை, அதாவது அப்பீலுக்கான காரணங்களை, நானே எழுதுகிறேன், திருத்திக் கொடுங்கள் என்றும் கேட்கட்டும். இரண்டில் ஒன்றாவது கிடைத்தால் இருக்கலாம். இரண்டுமே இல்லை என்றால் கிளம்பிவிடட்டும், அது நன்றி கெட்ட காரியம் ஆகாது. சென்னை உயர் நீதிமன்றமும் டெல்லி உச்ச நீதிமன்றமும் நீதிபதிகளுக்கு உதவியாக லா கிளார்க்குகளைச் சம்பளத்தோடு எடுக்கின்றன. மதுரைக் கிளையிலும் அந்த இடங்கள் உண்டு. அறிவிப்பு நீதிமன்ற இணையதளத்தில் வரும். வயது வரம்பையும், முடித்து எத்தனை வருஷத்துக்குள் என்ற நிபந்தனையையும் முதலில் பார்க்கட்டும். சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்று வருஷ அனுபவம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. அவன் இத்தனை நாள் கட்டுத் தூக்கியது அங்கே கணக்கில் வரும். அதற்குச் சான்றிதழ் வேண்டும், எனவே இப்போதைய சீனியரிடம் சண்டை போடாமல் வெளியே வரச் சொல்லுங்கள்.